உப்பு உதவும் குளிர்

அதிகாலை மூன்று ஐம்பது.
சூரியன் ஃபின்மார்க்கை விட்டுப் போய்
இன்றோடு முப்பத்தொரு நாள்.
பனி வாரும் வண்டியைக் கிளப்புகிறேன்.
என் அண்ணனைப் போலத்தான் அதுவும்,
இரண்டு முறை இருமிவிட்டுத்தான் எழும்.

பின்தொட்டியில் உப்பு.
மைனஸ் எட்டுக்குக் கீழே இறங்கினால்
உப்பு எதற்கும் உதவாது, பிறகு மணல்தான்.
இதைச் சொல்லும்போதெல்லாம்
போதகர் ஓட்வார் சட்டைப்பையில் பேனா தேடுவார்,
ஞாயிறு பிரசங்கத்துக்கு.
எங்கள் சபையில் பதினொரு பேர்.
ஹீட்டரை ஒட்டிய பெஞ்சுக்கு மட்டும் போட்டி உண்டு.

அப்பாவின் படகை
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
விற்றுவிட்டான் ஐலிஃப்.
ஒன்பது வருஷம்.
கடையில் ரொட்டி அடுக்கின் முன்னால்
தோளோடு தோள் உரசினாலும் பேச்சில்லை.

முதல் நான்கு குளிர்காலம்
தெருப் பனியையெல்லாம் தள்ளிக்கொண்டு போய்
அவன் வாசலில் குவித்தேன்.
குற்றமில்லை, கலப்பை வலப்பக்கம்தான் ஒதுக்கும்.
பொய் சொல்வானேன், இனித்தது.
வீடு திரும்புமுன் ஆறிப்போகும் இனிப்பு.
அடுத்த நாள் அதே அளவு இனிக்க
இன்னும் கொஞ்சம் கூடுதல் பனி வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிறு, திருவிருந்து.
ஓட்வாருக்குக் கடும் ஜலதோஷம்.
அப்பத்தை நீட்டியவர்
தும்மலை அடக்க அப்படியே நின்றார்.
அந்த இடைவெளி முழுக்க
கையை ஏந்தியபடி நான்.
கை வெறுமையாக இல்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.
ஐலிஃபின் வாசல் மொத்தமும் அதில் கிடந்தது,
நான்கு வருஷத்துப் பனியோடு.

வானம் திறக்கவில்லை.
பின்வரிசையில் யாரோ குடையைத் தவறவிட்டார்கள்.
வாங்கிக்கொண்டேன்,
கடன் வாங்குகிறவள் போல.

மறுநாள்
கலப்பையை ஒரு சாண் தூக்கி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து
அவன் வாசலைச் சுத்தமாய் வழித்தேன்.
திங்கள். செவ்வாய்.
புதன்கிழமை மண்வெட்டியோடு வெளியே வந்தான்.
நான் ஒதுக்கிய பனியை வாரி வாரி
மறுபடி தன் வாசலிலேயே கொட்டினான்,
குல்லாகூட இல்லாமல்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

சிரித்துவிட்டேன்.
கேலி இல்லை.
அப்பாவின் மூக்கு, அப்பாவின் வீம்பு,
கண்ணாடி முழுக்க ஆவி படியும்வரை சிரித்தேன்.
ஐந்து வருஷமாகிறது,
அது மட்டும் ஆறவில்லை.

நடுவில் என் மார்பில் ஒரு கட்டி.
ட்ரொம்சோவில் வெட்டி எடுத்தார்கள்.
முந்தின இரவு ஜெபம் வரவில்லை,
"ஆண்டவரே" என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டது.
பயம் இருந்தது. அதற்கும் கீழே அதுவும் இருந்தது.

சந்தோஷம் என்றால் பலூன் நினைவு வருகிறது.
பாக்கியம் என்றால்
நல்ல தட்டில் விருந்தாளிக்கு வைத்தது போல இருக்கிறது.
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்:
படகின் அடியில் கிடக்கும் பாரக்கல்.
துறையில் நிற்கும்போது அதை யாரும் நினைப்பதில்லை.
அலை பக்கவாட்டில் அறைந்து
படகு சாய்ந்து, பின் மெல்ல நிமிரும்போது
ஓ, இருக்கிறது.
நானாக ஏற்றிய கல் அல்ல அது.

இன்று மைனஸ் ஐந்து.
பள்ளிக்கூட ஏற்றம், மீன் ஆலை, தாதி பிரின்யாவின் சந்து.
கடைசியில் ஐலிஃப்.

வாசல் விளக்கு எரிகிறது, இந்நேரத்தில்.
எனக்காக இருக்கலாம்.
அணைக்க மறந்திருப்பான்,
மின்கட்டணத்தை எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை.
எதுவானாலும் சரி என்று
இரண்டுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு
கலப்பையை இறக்குகிறேன்.

பிறகு வண்டியை விட்டு இறங்கி
படிகளில் மட்டும் கையால் தூவுகிறேன்,
ஒரு பிடி கூடுதலாகவே.
அவனுக்கு முழங்கால் சரியில்லை.